வதனியின் கரும்பியர்

1

டென்மார்க்கில், வைலே நகரத்தில் என்னை இப்போது 'பியர் அண்ணை' என்று கூப்பிடுகிறார்கள். போன சனிக்கிழமை தமிழ்க்கடையில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டு நின்றேன். காசு வாங்குகிற பெண்பிள்ளை, "பியர் அண்ணை, பை வேணுமோ?" என்று கேட்டாள். அவள் மரியாதையாகத்தான் கேட்டாள். எனக்குப் பின்னால் நின்ற இரண்டு பெண்கள் சட்டென்று உழுத்தம்பருப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அவர்கள் தோள் குலுங்கியதைக் கண்டேன். முருங்கைக்காயை அப்படியே விட்டுவிட்டு வந்து காருக்குள் இருந்தேன். முகம் சுட்டது.

வெளிநாட்டில் இருக்கிறவன் எழுதினால் பனியைப் பற்றி எழுதுவான், இல்லாவிட்டால் தனிமையைப் பற்றி எழுதுவான் என்று ஊரில் இருந்து வாசிக்கிற உங்களுக்குத் தெரியும். நானும் இரண்டையும் தேவைக்கு மேலேயே எழுதிவிட்டேன். இந்த முறை பியரைப் பற்றி எழுதுகிறேன். அதுவும் சும்மா பியர் இல்லை. தேன்போல் தடித்த, ஒரு கிளாஸ் குடித்தாலே காது சூடாகும் கரும்பியர். அதை வீட்டுக் குசினியில் காய்ச்சியது நான் இல்லை, என் மனைவி வதனி. இந்த ஒரு வரியைச் சொல்ல எனக்கு ஐந்து மாதம் எடுத்தது.

2

வதனி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறாள். ஆட்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் போய்விட்டது. சுகவீன விடுப்பில் நின்ற காலத்தில் கொமியூன் என்கிற நகரசபை அலுவலகத்துக்கு மாதம் ஒரு தடவை போகவேண்டியிருந்தது. அங்கே இருந்த இளம்பெண் ஒருத்தி கணினியைப் பார்த்தபடி, "உங்களுக்காக நீங்கள் என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டாளாம். வதனிக்குக் கேள்வியே விளங்கவில்லை. சமைக்கிறேன், வீடு கூட்டுகிறேன், கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறாள். "இல்லை, உங்களுக்காக" என்று அந்தப் பெண் திரும்பவும் கேட்டிருக்கிறாள்.

"அப்பிடி ஒருத்தரும் என்னைக் கேட்டதில்லையப்பா," என்று அன்று பின்னேரம் என்னிடம் சொன்னாள். நான் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். "அவையளுக்கு வேற வேலை இல்லை," என்றேன்.

மாலைப் பள்ளிக்கூடத்தில் தையல் படிக்கப் போனாள். தையல் வகுப்பு நிரம்பிவிட்டது. பியர் காய்ச்சும் வகுப்பில் ஓர் இடம் இருந்தது. போன காலை ஏன் திருப்புவான் என்று அதில் பெயரைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டாள். எட்டு டெனிஷ்காரர், எல்லாரும் ஆண்கள், அரைவாசிப் பேருக்குத் தாடி. நடுவில் என் மனைவி, பொட்டும் கம்பளிச் சட்டையுமாக.

முதல் தடவை எல்லாரும் காய்ச்சுகிற மாதிரி ஒன்றைக் காய்ச்சிக் கொண்டுவந்தாள். குடித்துப் பார்த்துவிட்டு, "இது தண்ணி. இதுக்கு ஏன் மினக்கெடுவான்?" என்று தானே சொன்னாள். அதன் பிறகுதான் கனமான பியரில் அவளுக்குப் பிடிப்பு விழுந்தது. பார்லியில் இருந்து இறங்கும் இனிப்பு எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு கனம் என்பார்கள். அதை அளக்க ஒரு கண்ணாடி மிதவை உண்டு. இனிப்பு கூடக் கூட மிதவை மேலே எழும்பி நிற்கும். அது மேலே நிற்பதைப் பார்க்கும்போது வதனியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வரும். அந்த வெளிச்சம் எனக்குப் பழக்கமில்லாதது. துளசி பிறந்தபோது ஒருமுறை கண்டிருக்கிறேன்.

கனமான பியருக்குப் பெரிய பாத்திரம் வேண்டும். எங்கள் வீட்டில் இருந்தது பன்னிரண்டு லீற்றர்ப் பானை ஒன்று, மாடிக் குடியிருப்பின் பழைய மின்னடுப்பு ஒன்று. வகுப்புக்காரர்களிடம் வீட்டுக் கராஜில் எவர்சில்வர்த் தாங்கிகளே இருந்தன. வதனி அதைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிற ஆள் இல்லை. என் பழைய நூல் வேட்டி ஒன்றை எடுத்து இரண்டாக மடித்துத் தைத்துப் பையாக்கினாள். முளைகட்டி வறுத்து உடைத்த பார்லியைப் பாதி அதற்குள் போட்டு, கை பொறுக்காத சூட்டுத் தண்ணீரில் இறக்கி, பானையை எங்கள் குளிர்காலப் போர்வையால் சுற்றி வைப்பாள். சத்து இறங்கியதும் சக்கையைப் பிழிந்து எறிந்துவிட்டு, அதே தண்ணீரில் மற்றப் பாதியைப் போடுவாள். இரண்டாம் முறையும் சத்து இறங்கும். பிறகு ஹொப்ஸ் என்கிற கசப்புப் பூவைப் போட்டு, பானை பாதியாக வற்றும்வரை கொதிக்க விடுவாள். காலையில் தொடங்கினால் பொழுதுபட்டுவிடும். கடைசியில் ஆறு லீற்றர் தேறினால் புண்ணியம்.

அதற்குப் பிறகு, சாற்றைப் புளிக்கவைக்கிற ஈஸ்ற். கனம் கூடிய சாறு ஈஸ்றையே கொன்றுவிடுமாம். அதனால் இரண்டு பைக்கற் போடவேண்டும், வாளியைக் குளிர்ந்த இடத்தில் வைக்கவேண்டும், மேலதிகமாகச் சேர்க்கிற சீனியைச் சில நாள் இடைவெளி விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கவேண்டும். "பிள்ளைக்குச் சோறு தீத்துற மாதிரி. ஒரேயடியாத் திணிச்சாச் சத்தி எடுக்கும்," என்பாள்.

ஓல்போர்க் நகரத்தில் படிக்கும் எங்கள் மகள் துளசி, மாதக்கணக்கில் வீட்டுப் பக்கம் வராதவள். நான் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொல்லுவாள், அதையும் பாதியில் விடுவாள். அவள் போத்தல் அடைக்கிற நாளுக்கு ரயிலேறி வந்தாள். தாயும் மகளும் குசினித் தரையில் இருந்து மூடி அடித்தார்கள். துளசி கணினியில் ஒரு லேபிள் செய்து கொண்டுவந்திருந்தாள். கறுப்புக் கடதாசியில் வெள்ளை எழுத்தில் 'வதனி', வேறொன்றும் இல்லை.

நான் அப்போது என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். யன்னல்களைத் திறந்துவிட்டேன். மணம் பக்கத்து வீட்டுத் தமிழருக்குப் போய்விடும் என்று.

3

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வதனி இரண்டாம் வருடத்துக் கரும்பியரைக் காய்ச்சிக்கொண்டிருந்தாள். வைகாசியில் வகுப்பு முடிகிறபோது ஒவ்வொருவரும் தங்கள் பியரைக் கொண்டுவந்து மேசையில் வைத்து, எப்படிச் செய்தோம் என்று பேசவேண்டும். அதற்கானது இது. கொதித்து இறக்கிய பானையைக் குளியலறையில் குளிர்ந்த தண்ணீர்த் தொட்டிக்குள் வைத்துவிட்டு, கையில் மிதவையுடன் குனிந்து நின்றாள்.

வாசல் மணி அடித்தது. குகன் அண்ணையும் ராணி அக்காவும். குகன் அண்ணை எங்கள் தமிழ்ச் சங்கத்தின் தலைவர். சொல்லிவிட்டு வருகிற டெனிஷ்ப் பழக்கம் அவருக்கு இன்னும் வரவில்லை, இந்த வழியால் போனோம் என்று ஏறி வந்துவிட்டார்கள்.

"என்ன சிவம், வீடு முழுக்க ஒரு மணம்? ஆரும் சத்துமா வறுக்கினமோ?" என்றபடி அண்ணை சப்பாத்தைக் கழற்றினார். ராணி அக்கா நேரே உள்ளே போனார். குளியலறைக் கதவு அகலத் திறந்து கிடந்தது. அவர் பானையைப் பார்த்தார். வதனியைப் பார்த்தார். வதனி நிமிர்ந்து, "வாங்கோ அக்கா," என்று சிரித்தாள். அவள் கையில் மிதவை.

என் வாய் தானாகத் திறந்தது.

"அது நான் அக்கா! பியர். சும்மா ஒரு பொழுதுபோக்கு. வதனி பாவம், எனக்குப் பிடிச்சுக் குடுக்கிறா."

குகன் அண்ணை கையைத் தட்டினார். "அட கள்ளா! சொல்லவே இல்லை! எங்கை, ஒரு சொட்டு வாத்துக்கொண்டு வாரும் பாப்பம்."

போன வருடத்துப் போத்தல்கள் அலுமாரிக்குள் இருந்தன. ஒன்றை எடுத்தேன். லேபிளை நகத்தால் சுரண்டிக்கொண்டே கொண்டுபோனேன். இதை எழுதும்போது அந்த நகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அண்ணை ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடினார். "சிவம், உம்மடை கையிலை என்னமோ இருக்கு," என்றார். நான் தலையைக் குனிந்து, "எல்லாம் ஒரு பக்குவம்தான் அண்ணை," என்றேன். அந்தக் குரலைக் கேட்டால் இருபது வருடமாகப் பியர் காய்ச்சியவன் என்று நீங்களும் நம்பியிருப்பீர்கள்.

வதனி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள். அவர்கள் இறங்கிப் போனதும் கதவைச் சாத்திவிட்டு என்னிடம் மிதவையை நீட்டினாள்.

"உங்கடை பியர் ஆறுது. போய்ப் பாருங்கோ."

"நான் உமக்காகத்தானே சொன்னனான். சனம் கதைக்காதோ?"

"நான் எப்ப மறைச்சனான்? கதவு திறந்துதானே கிடந்தது."

அதற்குப் பிறகு போய்த் தொலைக்காட்சியின் முன்னால் இருந்துவிட்டாள். பூனை கண்ணை மூடிக்கொண்டு உலகம் இருண்டது என்று நினைக்குமாம். நான் அவள் கண்ணையும் சேர்த்து மூடப் பார்த்தேன்.

4

எனக்கு ஏன் அப்படி வாய் திறந்தது என்று கன நாள் யோசித்தேன். ஊரில், எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் கசிப்பு என்கிற கள்ளச்சாராயம் காய்ச்சிய பெண் ஒருத்தி இருந்தாள். ஒருநாள் பொலிஸ் அவளைப் பிடித்து, காய்ச்சிய பானையை அவள் தலையிலேயே வைத்து, தெருவால் நடத்திக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடம் விட்டு வந்த நாங்கள் பின்னால் கூவிக்கொண்டு போனோம். அவள் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மா, "அவளின்ரை கதையை இந்த வீட்டிலை எடுக்கப்படாது," என்றார். அவளிடம் வாங்கிக் குடித்த ஆண்கள் எல்லாரும் அன்று வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். அவர்களின் கதையை எந்த வீட்டிலும் எடுக்கலாம்.

ஆண் குடித்தால் அது பழக்கம், பெண் காய்ச்சினால் அது குடும்ப மானம். இந்தக் கணக்கை நான் விமானத்தில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன், சுங்கத்தில் யாரும் பிடிக்கவில்லை. இதுதான் காரணம் என்று சில வாரம் எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். பாதி உண்மைதான். பயம் முதல் வசனத்துக்கு மட்டும்தான் போதும். அண்ணை கண்ணை மூடிக் குடித்த பிறகு நான் சொன்னதெல்லாம் ஆசையில் சொன்னது. இந்த நாட்டுக்கு வந்து இறைச்சித் தொழிற்சாலையில் பெட்டி ஒட்டிய இத்தனை வருடத்தில், என் கையில் என்னமோ இருக்கிறது என்று ஒருவரும் சொன்னதில்லை.

5

அன்று பின்னேரம் குளியலறையில் தனியே நின்று, ஆறிய சாற்றை வாளியில் ஊற்றினேன். அண்ணை போகிறபோது, "பங்குனியிலை என்ரை அறுபது. உம்மடை கரும்பியர்தான் சொல்லிப்போட்டன்," என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். நானும் தலையாட்டியிருந்தேன். வதனியின் பியரை, வைகாசிக்கு என்று அவள் காய்ச்சியதை, நான் பங்குனிக்கு வாக்குக் கொடுத்துவிட்டேன்.

ஈஸ்ற் இரண்டு பைக்கற் ஏன், ஒன்று காணும், அதுவே போதும் என்று நினைத்தேன். சீனியைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்க எனக்கு எங்கே நேரம்? ஊர் மணம் இருக்கட்டும் என்று, தங்கச்சி அனுப்பிய பனங்கட்டியின் ஓலைக் குட்டானை உரித்து, எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கரைத்து ஊற்றினேன். குளிரில் எப்படிப் புளிக்கும் என்று வாளியைத் தூக்கிச் சூடாக்கியின் பக்கத்தில் வைத்தேன். இதெல்லாம் போதாதென்று இன்னொன்றும் செய்தேன். எங்கள் வீட்டில் தோசை மாவைக் கரண்டியால் கலக்க விடமாட்டார்கள். கையால் கலந்தால்தான் பொங்கும், அதற்குக் கைராசி என்று பெயர். வதனியும் தோசை மாவைக் கையால்தான் கலப்பாள். ஆகவே நானும் சட்டைக் கையை மடித்துவிட்டு, முழங்கை வரைக்கும் விட்டு ஒரு கலக்குக் கலக்கினேன்.

வதனி தண்ணீர் குடிக்க எழும்பி வந்தவள் கதவடியில் நின்றாள். என் கையில் இருந்து கறுப்பாக வழிந்ததைப் பார்த்தாள்.

"சரியோ?" என்றேன்.

"நீங்கள்தானே காய்ச்சினது. உங்களுக்குத் தெரியாதோ?"

வாளி இரண்டு நாள் பேய் பிடித்தமாதிரிக் கொதித்தது, பிறகு அடங்கிவிட்டது. முடிந்தது என்று நினைத்தேன். மாசி கடைசியில் போத்தலில் அடைத்து, கட்டடத்தின் நிலக்கீழ் அறையில் எங்களுக்கென்று ஒதுக்கிய கம்பிக் கூண்டுக்குள், சுடுதண்ணீர்க் குழாயின் கீழே அடுக்கினேன். இடையில் வருகிற போகிற ஆட்களுக்கெல்லாம் போன வருடத்துப் போத்தல்களைத் திறந்து திறந்து ஊற்றினேன். சங்கத்துப் பொடியள் என்னைப் பியர் அண்ணை என்று கூப்பிடத் தொடங்கினார்கள். எனக்கு அது பட்டம் கட்டின மாதிரி இருந்தது. அலுமாரி வெறுமையானதை நான் கவனிக்கவில்லை. வதனி கவனித்திருப்பாள்.

துளசி ஒருநாள் ரெலிபோனில் கூப்பிட்டாள். யாரோ சொல்லிக் கேள்விப்பட்டிருந்தாள். "ஃபார், டெ எர் யோ மோர்ஸ்," என்றாள். அப்பா, அது அம்மாவினுடையதல்லவா என்று அர்த்தம். "உனக்கு எங்கடை ஆக்களைத் தெரியாது பிள்ளை," என்று தமிழில் சொன்னேன். அவள் டெனிஷில்கூடப் பதில் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

பங்குனியில் ஒரு காலை. கட்டடத்தைப் பராமரிக்கிறவர் கதவைத் தட்டினார். கீழே வரும்படி சைகை காட்டினார். போத்தல்கள் ஒன்றோடொன்று வெடித்து, கூண்டுக் கம்பியெல்லாம் கண்ணாடி. கறுப்புத் தண்ணீர் வழிந்து பக்கத்துக் கூண்டில் இருந்த குழந்தை வண்டிக்குக் கீழே தேங்கியிருந்தது. ஆள் நடமாட்டம் அருந்தலான நேரம், ஒருவருக்கும் ஒன்றுமில்லை. அந்த மனிதர் ரெலிபோனை எடுத்து குடியிருப்பை நடத்தும் வீட்டுச் சங்கத்துக்குத் தகவல் எழுதினார். 'வெடிப்பு' என்று எழுதி, அதன் கீழே என் முழுப்பெயரைக் கவனமாக எழுத்துக்கூட்டி எழுதினார். குண்டுக்குப் பயந்து ஓடிவந்து அகதியாகப் பதிந்தவன் நான். அந்தச் சொல் என் பெயரைத் தேடி இங்கேயும் வந்துவிட்டது என்று நினைத்துச் சிரிப்பும் வந்தது, சிரிக்கவும் முடியவில்லை.

வதனி தும்புத்தடியுடன் இறங்கி வந்தாள். உடைந்த போத்தலின் அடியில் கிடந்ததை மணந்து பார்த்தாள்.

"புளிச்சுப்போச்சு. உங்கடை கைதான்," என்றாள்.

பிறகு தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டுப் படியில் இருந்தாள். அழவில்லை. நான் கண்ணாடி பொறுக்கி முடியும்வரைக்கும் அந்தப் படியிலேயே இருந்தாள். இரண்டு முறை பார்லி போட்டு, பிழிந்து, நாள் முழுக்க அடுப்படியில் நின்று, அந்தத் தோளோடு அவள் தூக்கி இறக்கியதெல்லாம் என் கண்ணுக்கு முன்னால் சாக்கடைக்குள் போனது.

6

கெடுகுடி சொற்கேளாது. அதோடு நான் நின்றிருக்கவேண்டும். ஆனால் குகன் அண்ணையின் அறுபது அடுத்த சனிக்கிழமை. கடைக்குப் போய், ஈஸ்ரர் காலத்துக்கு இங்கே வருகிற கடும் பியரில் இரண்டு பெட்டி வாங்கினேன். குசினித் தொட்டியில் சுடுதண்ணீர் விட்டுப் போத்தல்களை ஊறப்போட்டு, லேபிள்களை ஒவ்வொன்றாக உரித்தேன். வதனி பக்கத்தில் நின்று வெண்காயம் வெட்டினாள். பார்த்தாள். வெட்டினாள்.

மண்டபத்தில் பெண்களும் பிள்ளைகளும் உள்ளே. ஆண்கள் வழக்கம்போலக் கார் நிறுத்துகிற இடத்தில், திறந்த கார் டிக்கிக்குப் பின்னால். எந்த நாட்டுக்குப் போனாலும் எங்கள் ஆட்களின் குடி டிக்கிக்குப் பின்னால்தான். காகிதக் கோப்பைகளில் ஊற்றினேன். எல்லாரும் குடித்தார்கள். "போன முறையை விட இது திறம்," என்றார் குகன் அண்ணை. கடைப் பியர்! எனக்கு நிலத்துக்குள் போகலாம் போல இருந்தது. அப்போது ஒருவன், "வதனியக்கா குடுத்து வைச்சவ. புருசன் குசினியிலை நிண்டு காய்ச்சுறார், அவ சும்மா இருந்து பாக்கிறா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள்.

என்னால் தாங்க முடியவில்லை.

"நான் காய்ச்சேல்லை," என்றேன். "இது கடையிலை வாங்கினது. முதல் குடிச்சீங்களே, அதுதான் வீட்டிலை காய்ச்சினது. அதைக் காய்ச்சினது வதனி. எனக்கு ஒரு மண்ணும் தெரியாது."

டிக்கியே அதிரும்படி சிரித்தார்கள். "அண்ணைக்கு ஏறிட்டுது!" என்றான் ஒருவன். குகன் அண்ணை என் முதுகில் தட்டி, "பகிடியைப் பார். எங்களுக்குச் செய்முறை சொல்லித்தர விருப்பமில்லை, அதுதான் விசயம்," என்றார். தை மாதத்தில் நான் சொன்ன பொய்யை நம்ப இவர்களுக்கு ஒரு நொடி எடுத்தது. இந்த உண்மையை ஒருவரும் வாங்கத் தயாரில்லை.

கேக் வெட்டக் கூப்பிட வந்த ராணி அக்கா, கையில் கத்தியோடு அங்கே நின்றிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றார் என்று தெரியாது.

"சிவம், உங்களுக்கு இப்பதானோ வாய் வந்தது?" என்றார். "அண்டைக்கு மிதவை ஆரின்ரை கையிலை இருந்தது எண்டு நான் பாக்கேல்லையோ? நீங்கள் வாசலடியிலை கையைப் பிசைஞ்சுகொண்டெல்லோ நிண்டனீங்கள். பொம்பிளையள் எங்கள் எல்லாருக்கும் தெரியும். வதனியிட்டை நான் ரெண்டு தரம் செய்முறை கேட்டனான், அவ சொல்லேல்லை. 'அவரைக் கேளுங்கோ அக்கா, அவரின்ரை பியர்' எண்டவ." பிறகு போகத் திரும்பியவர், நின்று சொன்னார்: "பியர் அண்ணை எண்டு பேர் வைச்சது ஆர் எண்டு நினைச்சீங்கள்? நாங்கள்தான்."

ஆண்கள் கோப்பைக்குள் பார்த்தார்கள். நான் இரண்டு மாதமாக மாலை மாதிரிப் போட்டுக்கொண்டு திரிந்த பெயர் அது.

திரும்பி வரும்போது காரில் கேட்டேன். "உமக்குத் தெரியுமோ அவை என்னைப் பழிச்சுத்தான் கூப்பிடுகினம் எண்டு?"

"ஓம்."

"ஏன் சொல்லேல்லை?"

வதனி வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். "நீங்கள் சந்தோசமா இருந்தீங்கள்," என்றாள்.

7

வைகாசியில் வகுப்பின் கடைசி நாள். கொண்டுபோக வதனியிடம் ஒரு போத்தலும் இல்லை. புதியது வெடித்துப்போனது, பழையதை நான் ஊருக்கு ஊற்றிவிட்டேன்.

"போகாமல் விடுவமே," என்றேன்.

"பேர் குடுத்தனான். போறன்," என்றாள். "வாறதெண்டால் வாங்கோ."

துளசி ஓல்போர்க்கில் இருந்து வந்திருந்தாள். பாடசாலைக் குசினியில் நீள மேசை. ஒவ்வொருவரின் பெயரும் மடித்த அட்டையில், அட்டைக்குப் பின்னால் அவரவர் போத்தல்கள். 'வதனி' என்ற அட்டைக்குப் பின்னால் வெறும் மேசை. துளசியின் கைப்பையில் புதிதாக அச்சடித்த கறுப்பு லேபிள்கள் ஒரு கட்டு இருந்தது. ஒட்ட ஒன்றும் இல்லை என்று தெரிந்தும் கொண்டுவந்திருந்தாள்.

ஒவ்வொருவராகப் பேசினார்கள். வதனியின் முறை வந்தது. எழும்பி, "இன்றைக்கு என்னிடம் பியர் இல்லை," என்றாள், டெனிஷில். வாத்தியார், தாடி வைத்த மெலிந்த மனிதர், உண்மையாகவே கவலைப்பட்டார். அவளுடைய பியருக்காகத்தான் எல்லாரும் காத்திருந்ததாகச் சொன்னார். என்ன நடந்தது என்று கேட்டார்.

"அதை என் கணவர் சொல்லுவார்," என்றாள் வதனி. குரலில் கோபம் இல்லை. கதிரையில் இருந்துவிட்டாள்.

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். என் டெனிஷ் தொழிற்சாலை டெனிஷ். தூக்கு, வை, நிறுத்து, முடிந்தது. தமிழில் என்றால் அந்தக் கதையை ஒரு பகிடியாக்கி, கடைசியில் என்னையும் ஒரு நல்ல மனிதனாக்கியிருப்பேன். டெனிஷில் எனக்குப் பொய் சொல்லும் அளவுக்குச் சொல் இல்லை.

"நான் பழுதாக்கினேன்," என்றேன். "அவள் செய்தாள். நான் செய்தேன் என்று ஆட்களுக்குச் சொன்னேன். பிறகு கையை உள்ளே விட்டேன். எல்லாம் உடைந்தது. பழையதை நான் கொடுத்து முடித்தேன்."

ஒருவரும் சிரிக்கவில்லை. சொன்னது சொன்னபடி நம்பினார்கள். அது எவ்வளவு கொடுமை என்று எனக்கு அதுவரை தெரியாது. மேசையின் அந்தப் பக்கத்தில் இருந்த பெரிய உடம்புக்காரர் ஒருவர், கெடுதலாக இல்லை, விளங்காமல்தான் கேட்டார்: "ஏன் நீங்கள் செய்ததாகச் சொன்னீர்கள்?"

மானம், சனம், ஒழுங்கையில் நடந்த பெண், இறைச்சிப் பெட்டி. எதையும் எந்த மொழியிலும் எடுக்க முடியவில்லை. கண் நிறைந்துவிட்டது, இந்த வயதில், அத்தனை பேருக்கு முன்னால்.

"காணும் அப்பா," என்று ஒரு குரல் மெல்லக் கேட்டது. "இருங்கோ."

துளசி. தமிழில். எத்தனையோ வருடத்துக்குப் பிறகு என் மகள் என்னிடம் தானாகத் தமிழில் பேசினாள். அதை நான் இப்படித்தான் கேட்கவேண்டியிருந்தது.

8

வதனி இன்னும் திரும்பக் காய்ச்சவில்லை. கேட்டால், "பாப்பம்," என்கிறாள். வேட்டிப் பை தோய்த்து மடித்தபடி அலுமாரியில் இருக்கிறது. குளிர்ப்பெட்டிக் கதவில், பச்சைமிளகாய்க்குப் பக்கத்தில், நான் போடாமல் விட்ட அந்த ஒரு ஈஸ்ற் பைக்கற் இருக்கிறது. அவள் எறியவில்லை. பால் எடுக்கும்போதெல்லாம் அதைப் பார்க்கிறேன்.

இதை எழுதுகிறேன் என்று சொன்னபோது, "என்ரை பேரைச் சரியாப் போடுங்கோ," என்று மட்டும் சொன்னாள். தலைப்பிலேயே போட்டிருக்கிறேன்.

பன்னிரண்டு லீற்றர்ப் பானையில் இப்போது சோறு வடிக்கிறாள். இரண்டு பேருக்கு அவ்வளவு பெரிய பானை தேவையில்லை. அடியில் ஒரு பிடி சோறுதான் கிடக்கிறது. நேற்றும் அதில் இருந்து எனக்குப் போட்டுவிட்டு, "காணுமோ?" என்று கேட்டாள்.

"காணும்," என்றேன். தலையைக் குனிந்துகொண்டு தின்றேன்.